திருநாவுக்கரசு நாயனாரும் பஞ்சகாலத்து வழிபாடும்

காலம் தளரும்போது வழிபாடும் தளருதல் உலகியல்பு. உணவும் உயிர்க்காவலும் ஐயப்பாடாயிருக்குங்கால், இறைவனது பெருமையை நினைத்தற்கு நெஞ்சு எங்ஙனம் ஒருப்படும் என வினாவுவாருளர். அவர்க்குத் தக்க விடை திருநாவுக்கரசு நாயனாருடைய சரித்திரமேயாம். சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்திலே அருளியவாறு அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனார்க்கும் மாதினியார்க்கும் புதல்வராய்ப் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். இளமையிலே தந்தையார் இறந்தார். தாயாரும் உடன் உயிர்நீத்தார். தமக்கையார் திலகவதியார்க்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்திலே மாண்டார். தம்பியார் பொருட்டே திலகவதியார் உயிர் தாங்கினார். நிலையாமையைக் கண்ட மருணீக்கியார் அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்தார்; பின் மெய்ந்நெறி நாடிச் சமண சமயம் புகுந்து தருமசேனர் எனப் பெயர்பெற்றார். அங்கே சூலைநோயால் வருந்தி, திருவதிகையை அடைந்து, தமக்கையார் அளித்த திருநீற்றை அணிந்து, வீரட்டானேசுவரர் திருமுன் வீழ்ந்து பாடினார். நோய் நீங்கிற்று, நாவுக்கரசு என்னும் நாமமும் கிடைத்தது.

பல்லவ மன்னன் இவரை நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு பிணித்துக் கடலிலே வீழ்த்துவித்தான். அம்மன்னன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசுபுரிந்த முதலாம் மகேந்திரவர்மன் என்பது சரித்திர ஆசிரியர் பலர் துணிபு. கல் மிதந்த வரலாற்றை நம் மாணாக்கர் நன்கறிவர். பின் நிகழ்ந்தவற்றுள் இரண்டினை நாம் சிறப்பாக எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

நாயனாரும் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்த காலத்திலே, மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் உண்டாயிற்று. அடியார்க்கு அமுதளிக்கும் பொருட்டு இறைவர் இருவர்க்கும் நாடோறும் ஒவ்வொரு காசு பீடத்தின்மேல் வைத்தருளினார். சம்பந்தர் பெற்ற காசு வாசியுடையது. நாவுக்கரசர் பெற்ற காசோ வாசியில்லாதது. உழவாரப்படை தாங்கித் திருக்கோயிலிலே கைத்தொண்டு செய்பவராதலின் அவர்க்கு அது கிடைத்தது என்று சம்பந்தர் உணர்ந்தார். காசு கிடைத்த அன்றே பஞ்சம் தீர்ந்துவிடவில்லை; மழை வருங்காறும் தொண்டும் அமுதளித்தலும் நாடோறும் நடந்தன என்பதை நாம் கருத வேண்டும்.

முதுமையிலே நாயனார் திருக்கைலையைத் தரிசிக்க வேட்கைகொண்டு வடதிசை சென்றார். பாதம் தேய்ந்தது, கைகளால் ஊன்றிச் சென்றார், மார்பினால் ஊர்ந்தார், உடல் முழுதும் நைந்தும் மீள உடன்பட்டிலர். இறைவர் அவரை அங்குள்ள வாவியிலே மூழ்குமாறு பணித்தருளினார். மூழ்கிய நாயனார் திருவையாற்றுக் குளத்திலே எழுந்தார். அங்கே ஆணும் பெண்ணுமாய் இயங்கிய உயிர்களெல்லாம் சத்தியும் சிவமுமாகத் தோன்றின; திருக்கோயிலே திருக்கைலையாகக் காட்சியளித்தது. நெடுந்தூரம் தேடிய பெருமை, தாம் என்றும் தொழுத சோழநாட்டிலே வெளிப்பட்டது.

இறுதியிலே திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின. அவற்றைப் பருக்கைக்கற்களோடு ஒப்ப மதித்து வாவியிலே எறிந்து, தொண்டினைத் தொடர்ந்து, சித்திரைச் சதயத்திலே சிவபதம் அடைந்தார்.

ஆசிரியர்காள்! கல் மிதந்ததை மாத்திரம் சொல்லி நிறுத்துவோமாயின், வழிபடுவார்க்குத் துன்பம் வாராது எனப் பிள்ளைகள் கருதுவர். துன்பம் வந்துழி வழிபாட்டையே கைவிடுவர். 1983 முதல் 2009 வரை போரும், 2022இல் பொருட்டட்டுப்பாடும் கண்ட நம் நாட்டிலே இது சிறிய தவறன்று. மழை பொய்த்த ஊரிலே உழவாரம் தாங்கி நின்ற முதியவரையும் அவர்க்குக் காட்டுவோம். தொண்டு காலத்தை உடனே மாற்றுவதன்று. நாம் நிற்கும் இடத்திலேயே இறைவனது பெருமையைக் காணும் கண்ணைத் தருவது.