தானே பொருத்திய கேமராவோடு காடு சுற்றியவர்: மா. கிருஷ்ணன்

காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேடு கடற்கரைக்கு விடியற்காலையில் போனால், கரை திரும்பும் படகுகளையும் அவற்றைச் சுற்றி வட்டமிடும் பறவைகளையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கும் தம்பிமார்கள் இரண்டு மூன்று பேரையாவது பார்க்கலாம். படகு நன்றாக வந்திருக்கும். பறவையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரியும். அங்கேதான் கேமரா ஆசை பிறக்கிறது. வளைகுடாவில் இருக்கும் அண்ணனுக்கோ மச்சானுக்கோ செய்தி போகிறது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று அங்கிருந்து கேள்வி திரும்பி வருகிறது. அந்தக் கேள்வியோடு நம்மிடம் வருபவர்களும் உண்டு.

நாமும் ஒரு காலத்தில் பல மாதம் சேர்த்த பணத்தில், கடைக்காரர் காட்டியதிலேயே விலை கூடியதாகப் பார்த்து ஒரு டி.எஸ்.எல்.ஆர். வாங்கினோம். நான்கு கல்யாணம், ஒரு சுற்றுலா. அதோடு அது பைக்குள் போய்விட்டது. ஒரு மழைக்காலம் முழுவதும் பூட்டிக் கிடந்து லென்ஸில் பூஞ்சை படர்ந்த பிறகுதான் புத்தி வந்தது. கேமராவில் குறையில்லை. எதைப் படம் பிடிக்கப்போகிறோம் என்று யோசிக்காமல் வாங்கியதுதான் குறை. அதனால் மாடல் எண்ணைச் சொல்லும் முன் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறோம்.

மா. கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய தமிழ் நாவல் முன்னோடி. உப்புத் துறையில் அரசு அதிகாரியாக இருந்து, ஓய்வு பெற்ற பின் சென்னை மயிலாப்பூரில் அச்சகமும் 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையும் நடத்தினார். 1925-இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசிய அன்றே அங்கேயே உயிர் நீத்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையான கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13.

அன்றைய மயிலாப்பூர் இன்று போல் இல்லை. வீட்டைச் சுற்றி மரமும் புதரும் வெட்டவெளியும் இருந்தன. பறவைகளும் கீரிகளும் அங்கேயே பார்க்கக் கிடைத்தன. மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பைசனிடம் படித்தது அந்தப் பழக்கத்துக்கு உரமானது. பின்னர் சட்டமும் படித்தார். ஆனால் கறுப்பு அங்கி அவருக்கு ஒத்துவரவில்லை. படம் வரைவதும் பத்திரிகைகளுக்கு எழுதுவதுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. 1937-இல் இந்துமதியைத் திருமணம் செய்துகொண்டார்.

குடும்பம் நடத்த நிலையான வருமானம் வேண்டியிருந்தது. 1942-இல் பெல்லாரி அருகே இருந்த சண்டூர் என்ற சிறிய சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கே பார்த்தார். அவருக்குக் கிடைத்த உண்மையான சம்பளம் சண்டூரைச் சுற்றியிருந்த குன்றும் காடும்தான் என்று சொல்லலாம். ஆடு மேய்த்தும் புறா வளர்த்தும் பார்த்தார். விலங்கைப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும் என்ற பாடத்தை அங்கே படித்தார்.

1949-இல் சண்டூர் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன் பிறகு அவர் மாதச் சம்பளத்தை நம்பவில்லை. எழுத்தையும் படத்தையுமே பிழைப்பாக எடுத்துக்கொண்டார். 1950-இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 'கண்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்த அந்தப் பத்தி 46 ஆண்டுகள் நிற்கவில்லை. காகம், அணில், தெருநாய், வேலியோரச் செடி எல்லாம் அதில் இடம்பெற்றன. அவரே வரைந்த ஓவியங்களும் எடுத்த படங்களும் கூடவே வந்தன.

இப்போது கேமராவுக்கு வருவோம். காட்டு விலங்கைத் தூரத்திலிருந்து பிடிக்க நீண்ட லென்ஸ் வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடிய வேண்டும். கடையில் கிடைத்த எதுவும் தன் வேலைக்குச் சரிப்படாதபோது கிருஷ்ணன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கம்பெனியின் கேமரா உடலோடு வேறொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்ஸைப் பொருத்தினார். மற்ற பாகங்களை அங்கிருந்தும் இங்கிருந்தும் சேர்த்தார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும்படியான அந்தக் கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தும், யானை மேல் ஏறியும் காடுகளைச் சுற்றினார். வண்ணப் படச்சுருள் பரவிய பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை.

அந்தக் கருவியோடுதான் பெரிய வேலைகள் நடந்தன. 1968-இல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நிதி கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளின் பாலூட்டிகளை அவர் நேரில் கண்டு எழுதிய ஆய்வை, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1975-இல் நூலாக வெளியிட்டது. பத்மஸ்ரீ விருதும் வந்தது. இந்திய வனவிலங்கு வாரியத்தில் நீண்ட காலம் உறுப்பினராக இருந்தார். நம் மண்ணுக்குரிய மரங்களை விட்டு அயல்நாட்டு மரங்களை நடுவதை விடாமல் எதிர்த்தார். சங்க இலக்கியத்தில் வரும் விலங்குகளையும் பறவைகளையும் பற்றித் தமிழிலும் எழுதினார். 1996 பிப்ரவரி 18 அன்று காலமானார். அவருடைய கடைசிப் பத்தி அச்சாகி வந்ததும் அதே நாளில்தான்.

இந்த வாழ்க்கையிலிருந்து, கேமரா வாங்கப்போகும் நம் தம்பிமார்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கிருஷ்ணன் தனக்கு எது தேவை என்பதை முதலில் அறிந்திருந்தார். கருவியை அதற்கு ஏற்பத் தேடினார். நாம் கருவியை வாங்கிவிட்டுத் தேவையைத் தேடுகிறோம்.

கையில் 40,000 ரூபாய் இருந்தால் முழுவதையும் கேமரா உடலில் போட வேண்டாம். உடல் சில ஆண்டுகளில் பழசாகிவிடும்; நல்ல லென்ஸ் அடுத்த உடலுக்கும் வரும். கிளிஞ்சல்மேட்டுப் பறவைகள்தான் ஆசை என்றால் 70-300 மி.மீ. லென்ஸ் நல்ல தொடக்கம். நிக்கானின் தொடக்க நிலைக் கேமராக்களில் சென்சார் சிறியது என்பதால் 300 மி.மீ. லென்ஸ் 450 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். படகும் மனிதர்களும்தான் ஆசை என்றால் 18-55 மி.மீ. லென்ஸே போதும்.

கேனான், நிக்கான் போன்ற கம்பெனிகள் இப்போது கண்ணாடியில்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. அதனால் பழைய டி.எஸ்.எல்.ஆர்.கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கான் டி3500-இன் ஷட்டர் 1 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்தி வலை போல் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் உடலுக்குள் இல்லை. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை மலிவு என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மச்சான் அங்கே காசு கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

நம் கடற்கரையில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. மணலில் நின்று லென்ஸை மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தோல் பையில் பூட்டி வைக்காமல், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அதைவிட நல்ல மருந்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவதுதான். தை, மாசி மாதங்களில் முட்டையிடக் கரையேறும் ஆமையைக் கண்டால் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். ஒரு படம் போனால் போகட்டும்.

அண்ணன் அனுப்பும் பணம் வெயிலில் உழைத்த பணம். கேமரா வரும்வரை ஒரு மாதம் கைப்பேசியோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் கடற்கரைக்குப் போங்கள். எந்தப் பறவை எந்த நேரத்தில் எங்கே வந்து அமர்கிறது என்று எழுதுங்கள். ஒரு மாதம் கழித்தும் போகத் தோன்றினால் தைரியமாக வாங்குங்கள். எந்த லென்ஸ் வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.