கல்லில் எழுதிய நகை

எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறவந்த தொல்காப்பியம் நகையை முதலில் வைத்தது; அந்நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலுக்கு முதலிடம் தந்தது. எள்ளலையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டு, அதன் பொருட்டுச் சிறையும் சென்று, பின்வந்த ஓவிய மாணவர்க்கு ஆசானாக விளங்கியவர் பிரெஞ்சு நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் ஒனோரே தோமியே.

அவர் 1808ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மார்செய் நகரில் பிறந்தார். கண்ணாடி பதிக்கும் தொழிலாளியான தந்தை, கவிஞராகும் வேட்கையால் குடும்பத்தைப் பாரிசுக்குக் கொண்டுவந்தார். கவிதை சோறிடவில்லை. சிறுவன் தோமியே நீதிமன்ற அலுவலர் ஒருவரிடம் ஏவலாளாகவும், பின்னர்ப் புத்தகக் கடையொன்றில் பணியாளாகவும் உழைக்க நேர்ந்தது. நீதிமன்றத் தாழ்வாரங்களில் அன்று கண்ட வழக்கறிஞர்களின் பொய்ச்சினமும், வழக்காட வந்த ஏழைகளின் கலக்கமும் பின்னாளில் அவர்தம் படங்களாயின. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் லூவர் அருங்காட்சியகத்துச் சிலைகளைப் பார்த்து வரைந்து பழகினார்.

அக்காலத்தில் புதிதாகப் பரவிய கல்லச்சுமுறை அவருக்கு வாழ்வளித்தது. சுண்ணாம்புக் கல்லின் வழுவழுப்பான பரப்பில் கொழுப்புக் கலந்த கோலால் வரைந்து, கல்லை நனைத்து மையிட்டால், ஈரமான இடம் மையை விலக்கும். வரைந்த கோடு மட்டும் ஏற்கும். ஓவியன் கை இட்ட கோடே படியாகி மக்களிடம் விரைந்து சென்றது. ஆட்சியாளர் அஞ்சியதும் இவ்விரைவைக் கண்டே.

1831இல் மன்னர் லூயி பிலிப்பைப் பெருந்தீனி அரக்கனாக அவர் தீட்டினார். ஏழைகளின் காசுகள் கூடை கூடையாக அம்மன்னர் வாய்க்குள் செல்கின்றன. கீழே அவை பட்டங்களும் பதவிகளுமாக வெளியேறுகின்றன. இதற்காக 1832இல் ஆறு திங்கள் சிறைத்தண்டனை பெற்றார். விடுதலைக்குப் பின்னரும் கோல் ஓயவில்லை. பிலிப்போன் தொடங்கிய 'லே ஷரிவரி' நாளிதழில் அவர் படங்கள் தொடர்ந்து வந்தன.

1834 ஏப்ரலில் பாரிசில் எழுந்த கிளர்ச்சியின்போது, திரான்ஸ்நோனேன் தெருவின் வீடொன்றினுள் படையினர் புகுந்து குடியிருந்தோரைக் கொன்றனர். தோமியே அவ்வீட்டை வரைந்தார். கட்டிலோரம் சரிந்து கிடக்கும் தொழிலாளியின் உடலுக்கு அடியில் ஒரு குழந்தை நசுங்கிக் கிடக்கிறது. எள்ளல் அறவே இல்லாத படம் அது. சிரிக்கத்தக்க இடம் எது, சிரிப்பு நிற்கவேண்டிய இடம் எது என்பதை அறிந்தவனே நகைச்சுவைக் கலைஞன் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. காவலர் அப்படத்தின் கல்லையும் கிடைத்த படிகளையும் கைப்பற்றினர்.

1835இல் வந்த தணிக்கைச் சட்டம் அரசியல் படங்களைத் தடுத்தது. அவர் பார்வை சமுதாயத்தின் பக்கம் திரும்பியது. போலி மருத்துவர், போலி வணிகர், போலி வள்ளல் எனப் பல வேடமிடும் ரொபேர் மக்கேர் என்னும் எத்தனைக் கொண்டு ஒரு காலத்தின் பணவேட்கையையே நகையாடினார். வாழ்நாளில் அவர் வரைந்த கல்லச்சுப் படங்கள் ஏறத்தாழ 4000 ஆகும்.

வயிற்றுப்பாட்டுக்குக் கல், மனநிறைவுக்கு வண்ணம் என அவர் வாழ்வு இரண்டுபட்டிருந்தது. மூன்றாம் வகுப்பு இரயில் பயணிகளையும், துணிமூட்டை சுமக்கும் சலவைப் பெண்ணையும் தீட்டிய அவருடைய வண்ண ஓவியங்களை அக்காலத்தார் பெரிதும் அறியவில்லை. 1870இல் அரசு அளிக்க முன்வந்த விருதை மறுத்தார். முதுமையில் கண்ணொளி மங்க, வால்மொந்துவா சிற்றூரில் நண்பர் கொரோவின் துணையோடு நாள்களைக் கழித்தார். 1878இல்தான் அவர் ஓவியங்களுக்கெனப் பெருங்காட்சி நடந்தது. மறு ஆண்டே மறைந்தார்.

அவர் எந்தக் கல்லூரியிலும் ஆசிரியராக அமர்ந்தவரல்லர். ஆயினும் மாணவர் அவரைத் தேடி வந்தனர். தெகா அவர்தம் கல்லச்சுப் படங்களைப் பெருந்தொகையாகத் திரட்டி வைத்தார். ஏறக்குறைய 27ஆம் வயதில் ஓவியம் கற்கத் தொடங்கிய வின்சென்ட் வான் கோ, செய்தித்தாள் படங்களைச் சேர்த்துப் பயின்றவர். 1890இல், தாம் மறைந்த ஆண்டிலும், தோமியேயின் குடிகாரர் படத்தை வண்ணத்தில் மீட்டுத் தீட்டினார். முதுகின் ஒரு வளைவில் ஒரு மனிதனின் வாழ்வு முழுவதையும் காட்டும் கலையை அவர்கள் இவரிடம் கற்றனர்.

நாளிதழ்ப் படம் மறுநாள் குப்பையாகும் என்பர். மனிதரைக் கூர்ந்து நோக்கி எழுதப்பட்ட கோட்டுக்கு அவ்விதி பொருந்தாது. கோலெடுக்கும் இளையோர் கையைப் பழக்குமுன் கண்ணைப் பழக்கவேண்டும் என்பதே தோமியேயின் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.