தாமஸ் மன்றோ: கம்பெனி கேட்க விரும்பாத 'ஃபீட்பேக்'கை எழுதி அனுப்பிய கலெக்டர்

திருமலை ஏழுமலையான் கோயிலில் நைவேத்தியப் பொங்கலுக்கான ஒரு அண்டாவுக்கு இன்றைக்கும் 'மன்றோ கங்காளம்' என்றுதான் பெயர். சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் சிலையாக இருக்கிறாரே, அதே தாமஸ் மன்றோ பெயரில் வந்த கட்டளை அது என்கிறது கோயில் மரபு. வாடிக்கையாளர் கருத்தைச் சேகரித்து என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்கு இவருடைய வாழ்க்கை ஒரு நல்ல கேஸ் ஸ்டடி.

யார் இவர்?

1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1780-ல் கிழக்கிந்திய கம்பெனியின் படையில் சேர்ந்து மெட்ராஸ் வந்தார். 1792 முதல் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதியில் வரி நிர்வாகம் பார்த்தார். 1800-ல் நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த ராயலசீமா பகுதிக்கு முதன்மை கலெக்டர் ஆனார். 1911-ல் சித்தூர் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்ட மதனப்பள்ளியும் அதில் அடக்கம்.

எப்படித் தகவல் திரட்டினார்?

ஆபீஸில் உட்காரவில்லை. கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போனார். குறை சொல்ல வந்த விவசாயிகளை நேரில் பார்த்தார். வயல் வயலாக நிலத்தை அளக்க வைத்தார்.

7 வருட வேலைக்குப் பின் 1807-ல் அவர் தந்த அறிக்கையின் சாரம் இதுதான்: விளைச்சலில் சுமார் 45% வரியாகப் போகிறது, இது தாங்காது. கால் பங்கைக் குறைத்தால் வரி விளைச்சலில் மூன்றில் ஒரு பங்காகும், அப்போதுதான் நிலத்துக்கு மதிப்பு வரும். அதாவது, முதலாளியின் வருமானத்தைக் குறைக்கச் சொன்னது டேட்டா.

கம்பெனி கேட்டதா?

இல்லை. அவர் ஊருக்குப் போனதும் கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டது மெட்ராஸ் அரசு. முதலில் 3 வருடம், அப்புறம் 10 வருடம். குத்தகை எடுத்த பலர் நொடித்துப் போனார்கள். 1820-ல் மன்றோவே கவர்னராக வந்த பிறகுதான் அந்த வரிக்குறைப்பு நடைமுறைக்கு வந்தது. அறிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தின் விலையைக் கொடுத்தது விவசாயி.

கவர்னர் ஆன பிறகு?

1822-ல் எல்லா கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்கு கேட்டார். 1826-ல் கிடைத்த விடை: 12,498 பள்ளிகள். சுமார் ஆயிரம் பேருக்கு ஒன்று. எண்ணை அப்படியே நம்பிவிடவில்லை அவர். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் இதில் விடுபட்டிருக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டி, தன் மதிப்பீட்டை உயர்த்தினார். நம்ம சர்வே யாரைத் தவறவிட்டது என்பது இன்றைக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

1827-ல், பதவிக்காலம் முடியும் தறுவாயில், பழைய ராயலசீமா ஊர்களைப் பார்க்கக் கிளம்பினார். பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.

இதில் நமக்கு என்ன?

மன்றோவைக் கொண்டாடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அவர் வேலை பார்த்தது அந்நிய ஆட்சிக்கு. குறைத்த பிறகும் வரி பாரமாகவே இருந்தது. இன்று ஆப் பிடிக்கலைன்னா அழித்துவிட்டு வேறு ஆப்புக்குப் போகலாம். அன்றைய விவசாயிக்கு அப்படி வேறு கம்பெனி கிடையாது. விட்டுப்போக வழியில்லாதவரின் கருத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு 13 வருடம் மேஜையில் போட்டு வைக்கவும் கூடாது.