இறுதிவரை ஓடிய கருணானந்த

மலையகப் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டி என்றதும் மரதன் ஓட்டமே நினைவுக்கு வரும். தோட்டத்துப் பிள்ளைகளும் நகரத்து முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே இல்லத்திற்காக ஹட்டன், நுவரெலியா வீதிகளின் ஏற்றங்களில் மூச்சிரைக்க ஓடுகின்றனர். முதலாவதாக வருபவருக்கு மாலை விழுகிறது. கடைசியாக வருபவரை வரவேற்க பெரும்பாலும் எவரும் காத்திருப்பதில்லை. கடைசியாக வந்தே உலகறியப்பட்ட இலங்கையர் ஒருவரை நாம் இங்கு நினைவுகூருதல் தகும்.

1936 இல் பிறந்த ரணதுங்க கருணானந்த, இராணுவத்தில் பணியாற்றிய நெடுந்தூர ஓட்ட வீரர். 1964 ஒக்டோபர் 14 ஆம் திகதி டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டத்தில், 67 ஆம் இலக்கத்தை அணிந்து இலங்கையின் சார்பில் களமிறங்கினார். ஓடத் தொடங்கிய 38 பேரில் ஒன்பது பேர் இடைநடுவே விலகினர். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் வென்றார். ஏனையோரும் ஓடிமுடித்த பின்னர் கருணானந்த மட்டும் தனியே சுற்றி வந்தார். முதலில் ஏளனமாக நோக்கிய அரங்கம், அவர் எஞ்சிய சுற்றுகளையும் விடாது ஓடுவதைக் கண்டு கரகோஷம் எழுப்பியது. 34 நிமிடம் 21.2 செக்கனில், 29 ஆவதாக அவர் எல்லையை அடைந்தார். ஜப்பானியப் பாடநூலிலும் அவரது கதை இடம்பெற்றது. 1974 இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே அவர் காலமானார்.

அவர் இடையில் விலகியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆயினும் நாட்டின் பெயரைத் தாங்கியவர் தமது மானத்தைப் பெரிதெனக் கொள்ளவில்லை. நெடுந்தூர ஓட்டம் தனிமனிதரின் விளையாட்டாகத் தோன்றினும், குழுவாக ஓடும் போட்டிகளில் உறுப்பினர் பலர் பெற்ற இடங்களைக் கூட்டியே வெற்றி தீர்மானிக்கப்படுகிறது. பின்தங்கியவர் நின்றுவிட்டால் முன்னவரின் முயற்சியும் வீணாகும்.

கருணானந்த ஓடிய அதே மாதம் 30 ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையக மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர், கருணானந்த மறைந்த 1974 ஆம் ஆண்டில் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இலங்கையின் பெயரை ஒருவர் உலக அரங்கில் சுமந்து ஓடிய வேளையில், அப்பெயரை உரிமை கோர இயலாதோராய் இம்மக்கள் நின்றனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. ஹட்டன் தோட்டப்புறத்திலிருந்து வந்த குமார் சண்முகேஸ்வரன் தேசிய மட்ட நெடுந்தூர ஓட்டங்களில் வென்றமை அந்த நீண்ட ஓட்டத்தின் தொடர்ச்சியே எனலாம்.

எனவே நமது பாடசாலைகள் ஓட்டத்தை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் இல்லத்திற்கு ஒரு புள்ளியேனும் வழங்க வேண்டும். கடைசிப் பிள்ளை எல்லைக் கோட்டைத் தாண்டும்வரை இல்லத்தார் அனைவரும் கலையாது நிற்பதே கருணானந்தவுக்கு நாம் செலுத்தும் மரியாதையாகும்.