எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 8, 1948) இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஆவார். உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான அடினோசின் டிரைபாஸ்பேட்டை (ஏடிபி) இனங்கண்டவர்களுள் ஒருவர். போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த ஆய்வுக்குழுவுக்கும், யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசீன் மருந்தை உருவாக்கிய குழுவுக்கும் தலைமை வகித்தார். 2024 ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சியில் நிகழ்ந்தது போன்ற மெத்தனால் நச்சேற்றத்தை விளங்கிக்கொள்ள இவருடைய இரண்டு ஆய்வுகள் துணைபுரிகின்றன.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் மூன்றாம் முயற்சியில், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தபோதுதான் தேறினார். மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து அறுவை வகுப்புக்கு வந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கிட்டாமையால், மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளரானார்.

இக்காலத்தில் அவருடைய சகோதரர் இருவர் ஸ்புரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல் நோயால் சில நாள் இடைவெளியில் இறந்தனர். அதே நோய் அவரையும் தாக்கியது. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் பிழைத்தார். ஸ்புரூவில் சிறுகுடலின் விரலிகள் சிதைகின்றன. உண்பது வயிற்றுக்குள் போனாலும் குருதிக்குள் போவதில்லை. விழுங்கப்பட்ட பொருள் யாவும் உடலுக்குள் சென்றுவிட்டதாகக் கருதுவது பொதுவான பிழை. குடற்சுவரைக் கடக்கும் வரை அது உடலுக்கு வெளியே இருப்பதாகவே கொள்ள வேண்டும். மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

பாஸ்டனில்

மாமனாரின் உதவியும் ஓர் அறக்கட்டளையின் நிதியும் கொண்டு 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்து, ஹார்வர்டு வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். செலவுக்காக மருத்துவமனை ஒன்றில் இரவுநேரத்தில் மலசலக் கலங்களைத் தூய்மை செய்யும் வேலையையும் பார்த்தார். மனைவி சேஷகிரியை ஊரிலேயே விட்டுச் சென்றிருந்தார். அவர் சென்ற பின் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். சுப்பாராவ் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்கேயுடன் இணைந்து, குருதியிலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரசின் அளவை நீலநிறத்தின் செறிவைக் கொண்டு கணிக்கும் முறையை 1925 இல் வெளியிட்டார். பிஸ்கே-சுப்பாராவ் முறை எனும் பெயரில் இது மாணவர்களுக்கு இன்றும் அறிமுகமானது. இம்முறையின் துணையுடன் 1927 இல் தசைகளில் பாஸ்போகிரியேட்டினையும், 1929 இல் ஏடிபியையும் இருவரும் கண்டறிந்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் ஏடிபியைத் தனியே கண்டு வெளியிட்டிருந்தார். பாடநூல்கள் பெரும்பாலும் லோமனையே குறிப்பிடுகின்றன. 1930 இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை.

லெடர்லி ஆய்வகத்தில்

1940 இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆய்வு இயக்குநரானார். இவரது குழு 1945 இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. உணவிலுள்ள போலேட்டுகளில் குளூட்டமேட்டு அலகுகள் சங்கிலியாகப் பிணைந்திருக்கும். குடலின் நொதிகள் அச்சங்கிலியை வெட்டிய பிறகே அவை உறிஞ்சப்படும். செயற்கைப் போலிக் அமிலத்தில் ஓர் அலகே உள்ளதால் அது எளிதில் குருதியை அடைகிறது. ஸ்புரூ நோயாளிகளின் குருதிச்சோகை இதனால் குணமாவது விரைவிலேயே தெரியவந்தது. சகோதரர்களைப் பலிகொண்ட நோய்க்கு மருந்து அவருடைய ஆய்வகத்திலிருந்தே வந்தது. அவர்கள் இறந்து இரண்டு பதின்ம ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

போலிக் அமிலத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றி உருவாக்கிய அமினோப்டெரின், உயிரணுவின் நொதியொன்றில் பூட்டில் சிக்கிய போலிச் சாவியைப் போல ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்துகிறது. போலேட்டின்றிப் புற்றணுக்கள் பெருக முடிவதில்லை. பாஸ்டனின் சிட்னி பார்பர் இதனைக் குருதிப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் காணப்பட்டதாக 1948 இல் அறிவித்தார். இதன் உறவுச் சேர்மமான மெத்தோட்ரெக்சேட்டு இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

1947 இல் வெளிவந்த டைஎத்தில்கார்பமசீன் வாய்வழியாக உட்கொண்ட ஓரிரு மணி நேரத்தில் குருதியில் உச்ச அளவை எட்டி, பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறுகிறது. உடலில் நெடுநாள் தங்காவிடினும், குருதியில் உலவும் நுண்புழுக்களை அழித்துக் கொசுக்கள் வழியே நோய் பரவுவதைக் குறைக்கிறது. இந்தியாவின் யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டத்தில் ஊர்மக்கள் அனைவருக்கும் வழங்கப்பட்ட மாத்திரை இதுவே.

கள்ளக்குறிச்சி நிகழ்வும் போலேட்டும்

கல்வராயன் மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சப்படும் சாராயத்தின் போதைப்பொருள் எத்தனால் ஆகும். 2024 ஜூனில் மலையடிவாரத்திற்கு அப்பால் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விற்கப்பட்ட சாராயத்திலோ, தொழிற்சாலைக் கரைப்பானான மெத்தனால் கலந்திருந்தது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

மெத்தனால் குடலிலிருந்து விரைவாக உறிஞ்சப்படுகிறது. ஆனால் அது உடனே கொல்வதில்லை. ஈரல் நொதிகள் அதைப் பார்மால்டிகைடாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. எறும்புக் கடியில் எரிச்சல் தரும் அமிலமும் இதுதான். இம்மாற்றத்திற்கு நேரமெடுப்பதால் குடித்தவர் 12 முதல் 24 மணி நேரம் வரை நலமாக இருப்பதுபோல் தோன்றலாம். பலர் மருத்துவமனைக்குப் பிந்தி வருவதற்கு இது ஒரு காரணம். மலையூரிலிருந்து இறங்கி வர வேண்டியவருக்கு இத்தாமதம் இன்னும் கொடிது. பார்மிக் அமிலம் இழைமணிகளின் நொதியைத் தடுப்பதால் உயிரணுவில் ஏடிபி உற்பத்தி குன்றுகிறது. ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் பார்வை நரம்பு முதலில் பாதிக்கப்படுவதால் கண்பார்வை மங்குகிறது.

சிகிச்சையில் எத்தனால் அல்லது போமெபிசோல் கொடுத்து ஈரல் நொதியைத் தடுக்கின்றனர். சோடியம் பைகார்பனேட்டும் குருதி ஊடுபிரிப்பும் துணைநிற்கின்றன. உருவாகிவிட்ட பார்மிக் அமிலத்தைத் தீங்கற்ற கார்பன் டைஆக்சைடாக மாற்ற உடலுக்குப் போலேட்டு தேவை. எலியின் ஈரலில் அது மிகுதி என்பதால் எலி மெத்தனாலைப் பெருமளவு தாங்குகிறது; மனிதனின் ஈரலிலோ குறைவு. எனவே போலிக் அமிலத்தையோ, அதன் வழிப்பொருளான போலினிக் அமிலத்தையோ ஊசிவழி செலுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது.

மறைவும் நினைவும்

1948 ஆகஸ்டில் உறக்கத்தில் மாரடைப்பால் இறந்தபோது சுப்பாராவுக்கு 53 வயது. லெடர்லியின் ஆரியோமைசின் நுண்ணுயிர்க்கொல்லி உலகுக்கு அறிமுகமானதும் அதே ஆண்டில்தான். அதைக் கண்டறிந்தவர் அவருக்குக் கீழ் பணியாற்றிய பெஞ்சமின் டக்கர். பூஞ்சையினம் ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிடப்பட்டுள்ளது. பிறந்த நூற்றாண்டையொட்டி 1995 இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.