பேட்டை தந்த கண்ணியம்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டுவிட்டால் நம் வீடுகளில் சில பேச்சுகள் நின்றுபோகின்றன. ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அண்ணன் தம்பிகள் குடும்பத்து வாட்ஸ்ஆப் குழுவை விட்டு ஒருவர் பின் ஒருவராக வெளியேறுகின்றனர். நெடுநாள் நண்பரின் கட்சியைக் குறைசொல்லத் தொடங்கும் வாதம், அவருடைய சாதியையும் மதத்தையும் இழித்துப் பேசுவதில் முடிகிறது. மாற்றுக் கருத்துடையவர் தவறாக எண்ணுகிறார் என்று சொல்வதோடு நாம் நிறுத்துவதில்லை. அவர் விலைபோனவர், துரோகி என்று தீர்ப்பே எழுதிவிடுகிறோம்.

இத்தகைய நாள்களில் என் நினைவுக்கு வருபவர் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த முகமது இஸ்மாயில். சமுதாயத்தின் வழிகாட்டி என்று பொருள்படும் காயிதே மில்லத் என்ற பட்டமே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அதற்கு முன்னால் கண்ணியமிகு என்ற அடைமொழியையும் சேர்த்து வழங்குவது தமிழகத்தின் வழக்கம். மேடைகளில் எல்லோருக்கும் வாரி வழங்கப்பட்டுத் தேய்ந்துபோன சொல் அது. அவர் அதற்கு எப்படி உரியவரானார் என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டே காண வேண்டும்.

நெல்லை நகரத்துக்கு மேற்கே, சேரன்மகாதேவி செல்லும் சாலையில் உள்ளது பேட்டை. பேட்டை என்ற சொல்லுக்கே வணிகம் நடக்கும் ஊர்ப்பகுதி என்றுதான் பொருள். பல சமயத்தவரும் பல தொழிலினரும் நெருங்கி வாழும் அவ்விடத்தில் 1896 ஜூன் 5-ஆம் நாள் இஸ்மாயில் பிறந்தார். 13 வயதிலேயே, 1909-இல், ஊரில் இளம் முஸ்லிம்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். கிறித்தவ சமயப் பணியாளர்கள் நடத்திய கல்லூரியிலும், ம.தி.தா. இந்துக் கல்லூரியிலும், பின்னர் திருச்சி, சென்னை ஆகிய நகரங்களிலும் அவர் பயின்றார். மூன்று சமயச் சூழல்களைத் தொட்டு வளர்ந்த படிப்பு அது.

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்றுப் பட்டத் தேர்வை எழுதாமல் கல்லூரியை விட்டு வெளியேறினார். பின்னர்ச் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1930-களின் பிற்பகுதியில் முஸ்லிம் லீகில் இணைந்த அவர், 1945-இல் சென்னை மாகாணத் தலைவரானார்.

அடுத்து வந்த 1946-ஆம் ஆண்டுத் தேர்தல் போலப் பிளவை ஆழப்படுத்திய தேர்தல் காலம் இந்நாட்டில் அரிது. வயதுவந்தோர் அனைவருக்கும் அன்று வாக்குரிமை இல்லை. சொத்து, வரி, படிப்பு முதலிய தகுதி பெற்றவர்களே வாக்களித்தனர். அவர்களிலும் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல், தனித் தொகுதி. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்த இருவர் இருவேறு பட்டியல்களில், இருவேறு வேட்பாளர்களுக்கு வாக்களித்தனர். நாடு ஒன்றாக இருக்குமா, இரண்டாகுமா என்பதே அத்தேர்தலின் அடிநாதமாக இருந்தது. 215 உறுப்பினர்களைக் கொண்ட சென்னைச் சட்டப்பேரவையில் காங்கிரஸ் பெரும் வெற்றி பெற்றது. லீக் 28 இடங்களைப் பெற்றது. இஸ்மாயில் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது. இந்தியாவிலேயே தங்கிவிட்ட லீக் தலைவர்களின் நிலை மிகவும் இக்கட்டானது. பிரிவினைக்குக் காரணமான கட்சி என்ற பழி ஒருபுறம்; கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்ற அறிவுரை மறுபுறம். முஸ்லிம் தலைவர்களிலேயே பலர் அவ்வாறுதான் கூறினர். 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய லீக் கவுன்சில், அமைப்பை இரு நாடுகளுக்கும் தனித்தனியாகப் பிரித்தது. பாகிஸ்தானுக்கு லியாகத் அலி கானும் இந்தியாவுக்கு இஸ்மாயிலும் அமைப்பாளர்களாயினர்.

1948 மார்ச் 10-ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் சென்னைக் கட்டடத்தில் கூட்டம் நடந்தது. கலைப்பதா, தொடர்வதா என்பதே கேள்வி. தொடர்வதென முடிவாகி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. இஸ்மாயில் அதன் தலைவரானார். இந்திய அரசமைப்புக்குள் நின்று, தேர்தல் வழியாக மட்டுமே தம் மக்களின் குறைகளைப் பேசுவது என்ற பாதையை அவர் தேர்ந்தெடுத்தார். அக்காலச் சூழலில் அது மிகவும் தனிமையான பாதை.

அவருடைய வாழ்க்கையில் இன்றைய வாக்காளருக்கு மிகவும் பயன்படும் பகுதி அரசியல் நிர்ணய சபையில் கழிந்த காலம் என்பது என் கருத்து. அங்கே முக்கியமான மூன்று வாதங்களில் அவர் தோற்றார். அம்மூன்றிலும் தோற்போம் என்பது எழுந்து பேசுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். சபையின் எண்ணிக்கை அப்படி.

முதலாவது, 1948 நவம்பர் 23-ஆம் நாள். பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. எந்தச் சமூகமும் தன் தனிச்சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் எதிர்கால நாடாளுமன்றம் அச்சட்டத்தை முதலில் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் பொருந்துமாறு செய்யக்கூடும் என்று விளக்கமளித்தார். திருத்தம் தோற்றது. ஆனால், எதிர்ப்பவரின் அச்சத்துக்கும் மறுமொழி கூற வேண்டும் என்ற கடமை அவைப் பதிவில் ஏறியது.

இரண்டாவது, 1949 மே 25, 26 ஆகிய நாள்கள். சமயச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைச் சட்டமன்றங்களில் நீக்கிவிடலாம் என்ற பரிந்துரையைச் சர்தார் பட்டேல் சபையில் வைத்தார். இஸ்மாயில் அதனை எதிர்த்து, ஒதுக்கீடும் தனி வாக்காளர் தொகுதியும் தொடர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். பிரிவினையின் குருதி உலராத காலம். தனித் தொகுதி என்ற சொல்லே பலருக்கு நெருப்பாகச் சுட்டது. பேகம் ஐஜாஸ் ரசூல், தஜம்முல் உசேன் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே அவருக்கு எதிர்நிலை எடுத்தனர். பட்டேலின் பதில் கடுமையாக இருந்தது. திருத்தம் பெரும்பான்மையால் நிராகரிக்கப்பட்டது.

இந்த இடத்தில் என் நிலையைச் சொல்லிவிட வேண்டும். தனித் தொகுதிக் கோரிக்கை எனக்கு ஏற்புடையதன்று. இருவேறு பட்டியல்களில் மக்கள் வாக்களித்தால், எந்த வேட்பாளருக்கும் மாற்றுச் சமயத்தவரின் வாசலுக்கு வந்து கைகூப்ப வேண்டிய தேவை இராது. சபை அன்று எடுத்த முடிவே சரியானது என்று நான் கருதுகிறேன். ஆனால், இஸ்மாயில் எழுப்பிய கவலை பொய்யானதன்று. பெரும்பான்மையோரின் தயவில் வெல்லும் ஒரு சிறுபான்மைப் பிரதிநிதி, தம் மக்களுக்காக வாய் திறப்பாரா என்று அவர் கேட்டார். சாதியும் மதமும் கணக்கிட்டு வேட்பாளர் நிறுத்தப்படும் இந்நாளிலும் அக்கேள்விக்கு முழு விடை கிடைக்கவில்லை.

தவறென்று நான் கருதும் ஒரு கோரிக்கையை முன்வைத்தவரை ஏன் முன்மாதிரியாகச் சொல்கிறேன்? அவர் அதனை முன்வைத்த முறைக்காக. அச்சபையின் விவாதத் தொகுதிகளில் நான் படித்தவரையில், அவர் பேச்சு காரணங்களைப் பற்றியே செல்கிறது. எதிர்ப்பவரின் நேர்மையைத் தாக்குவதில்லை. தேசப்பற்றின் மீதே ஐயம் கிளப்பப்பட்ட சூழலிலும் அவர் நிதானம் இழக்கவில்லை. தோற்றபின் சபையைப் புறக்கணித்து வெளியேறவும் இல்லை. அடுத்த பிரிவு விவாதத்துக்கு வந்தபோது மீண்டும் எழுந்து பேசினார்.

மூன்றாவது வாதமே தமிழர்களுக்கு மிகவும் பழக்கமானது. 1949 செப்டம்பர் 14-ஆம் நாள் ஆட்சிமொழி விவாதம் முடிவுக்கு வந்தது. காந்தியடிகள் விரும்பியவாறு, தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் எழுதப்படும் இந்துஸ்தானியே வேண்டும் என்பது இஸ்மாயிலின் நிலைப்பாடு. தொன்மைதான் அளவுகோல் என்றால், இம்மண்ணின் பழமையான மொழியாகிய தமிழுக்கே அந்த இடம் உரியது என்றும் அவர் வாதிட்டார். இரண்டாம் பகுதியை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இந்தி வட்டாரத்தின் பெரும்பான்மை நிறைந்த அவையில், தம் சமுதாயத்தின் மொழி உணர்வையும் தம் தாய்மொழியின் உரிமையையும் ஒரே உரையில் சேர்த்துச் சொன்னார் என்பதே முழுச் செய்தி. அவ்வாக்கிலும் அவர் பக்கம் தோற்றது. தேவநாகரி எழுத்திலான இந்தியே ஆட்சிமொழியாயிற்று. 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும் என்றும் முடிவாயிற்று.

தான் விரும்பாத சில பிரிவுகளைக் கொண்ட அரசமைப்பின் மீது உறுதிமொழி எடுத்துக்கொண்டு, 1952-இல் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார். 1958 வரை அங்கே பணியாற்றினார். அதன்பின் நடந்தது வரலாற்றின் வியப்புகளில் ஒன்று. 1962, 1967, 1971 என மூன்று பொதுத்தேர்தல்களில் கேரளத்தின் மஞ்சேரி தொகுதியிலிருந்து அவர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது தனித் தொகுதி அன்று. எல்லாச் சமயத்தவரும் ஒரே பட்டியலில் நின்று வாக்களிக்கும் பொதுத் தொகுதி. எந்த முறையை எதிர்த்து அவர் வாதாடித் தோற்றாரோ, அதே முறை அவரை மூன்று முறை டில்லிக்கு அனுப்பியது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பேட்டைக்காரர் ஒருவரை மலையாள மண் மீண்டும் மீண்டும் தன்னுடையவராக ஏற்றது.

கூட்டணிகளில் அவர் கட்சி இடம் மாறியதும் உண்மை. கேரளத்தில் 1960-இல் காங்கிரசுடனும், 1967-இல் மார்க்சிஸ்டுகளுடனும் நின்றது. தமிழகத்தில் 1967-இல் அண்ணா அமைத்த அணியில், ராஜாஜியின் சுதந்திராக் கட்சியுடனும் மார்க்சிஸ்டுகளுடனும் லீகும் இடம்பெற்றது. இதனைச் சந்தர்ப்பவாதம் என்று அன்றும் விமர்சித்தனர்; அந்த விமர்சனத்தில் நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன். அதே வேளையில், நேற்றைய எதிரணியினரோடு இன்று ஒரே மேடையில் அமர வேண்டுமானால், நேற்று அவர்களைப் பற்றிப் பேசிய சொற்கள் இன்று கூசாதவையாக இருந்திருக்க வேண்டும். நாவடக்கம் அரசியலுக்கு நடைமுறைப் பயனும் தரும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

1972 ஏப்ரல் 5-ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அஞ்சலி செலுத்த வந்தவர்களில் தந்தை பெரியாரும் இருந்தார். வாழ்நாள் முழுவதும் கடவுள் மறுப்பைப் பேசிய முதியவர், சமயப்பற்றே உயிர்மூச்சாக வாழ்ந்த ஒருவரின் மறைவுக்கு வந்து கலங்கி நின்றார். இருவரும் தத்தம் கொள்கையில் இம்மியளவும் விட்டுக்கொடுத்தவர்கள் அல்லர்.

பின்னர் அவர் பெயரால் சென்னையில் அரசு மகளிர் கல்லூரி அமைந்தது. சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1991-இல் உருவான நாகை மாவட்டமும் சில ஆண்டுகள் அவர் பெயரைத் தாங்கியது. பெயர் சூட்டுவது எளிது. அவர் கடைப்பிடித்த ஒழுங்கைப் பின்பற்றுவது கடினம்.

மனச்சாட்சிப்படி வாக்களிப்பது என்றால் என்ன என்பதை அந்த ஒழுங்கிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். தனக்குச் சரியென்று பட்டதைக் காரணத்துடன் சொல்ல வேண்டும். தோற்பது உறுதி என்றாலும் வாக்கை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வெல்லும் பக்கம் எது என்று பார்த்துச் சாய்வது மனச்சாட்சி ஆகாது. எதிர்ப்பவரும் தம் மனச்சாட்சிப்படியே நிற்கிறார் என்று ஏற்க வேண்டும். எண்ணிக்கை முடிந்தபின், விரும்பாத முடிவோடும் சேர்ந்து வாழ வேண்டும். அதனை மாற்ற அடுத்த விவாதத்துக்கு ஆயத்தமாக வேண்டும்.

இவற்றில் முதலிரண்டும் நம்மில் பலருக்குக் கைவந்தவை. துணிந்து பேசுகிறோம்; விடாப்பிடியாக நிற்கிறோம். பின்னிரண்டில்தான் தவறுகிறோம். மறைப்புக்குப் பின்னால் தனியாக நின்று வாக்களிக்கும் உரிமையைச் சட்டம் நமக்குத் தந்திருப்பது, யாருக்கும் அஞ்சாமல் முடிவெடுப்பதற்காக. அதே உரிமை அடுத்த வீட்டாருக்கும் உண்டு. அவர் யாருக்கு வாக்களித்தார் என்று துருவிக் கேட்பதும், ஊகித்துக்கொண்டு பகைப்பதும் அந்த உரிமையைப் பறிக்கும் செயல்களே.

பிரிவினையின் வடுவோடு கூடிய ஓர் அவையில், துரோகி என்ற பழிச்சொல்லின் நிழலில் நின்றபடி, ஒரு பேட்டைக்காரரால் பண்போடு மாறுபட முடிந்தது. அதைக் காட்டிலும் மிக எளிய சூழலில் வாழும் நமக்கு, இந்தத் தேர்தலிலேனும் அண்டைவீட்டாரோடு முகம் முறியாமல் மாறுபட முடியாது என்று சொல்ல எந்தச் சாக்கும் இல்லை.