சிரிக்க வைத்த சுகுமார் ராய்

வாத்தும் முள்ளம்பன்றியும் சேர்ந்து ஒரே பிராணியானால் எப்படியிருக்கும்? யானையும் திமிங்கலமும்? கொக்கும் ஆமையும்? இவ்வாறு கற்பனை செய்து பாட்டெழுதி, படமும் தாமே வரைந்தவர் வங்கத்துச் சுகுமார் ராய். மரக்காணத்து உப்பளங்களில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். அதற்கு ஆமையின் ஓட்டை மாட்டிவிட எங்களுக்குத் தோன்றவில்லையே!

1887-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த இவர், 1911-இல் இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்றார். தந்தையார் உபேந்திரகிஷோர் 1913-இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். (அது வங்காள இனிப்பு ஒன்றின் பெயருமாகும்!) 1915-இல் தந்தையார் மறையவே, இதழை இவரே நடத்தினார். கைக்குட்டை பூனையாக மாறிவிடும் வேடிக்கைக் கதையும் இவருடையதே.

1921-இல் மகன் சத்யஜித் பிறந்தார். அவ்வாண்டே காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் சுகுமாரைப் பற்றியது. இரண்டரை ஆண்டுகள் நோயுற்றிருந்தும் எழுதுவதையும் வரைவதையும் அவர் விடவில்லை. உடல் நோகும்போது சிரிப்புப் படம் வரைய எப்படித்தான் முடிந்ததோ! ‘ஆபோல் தாபோல்’ என்னும் பாட்டு நூலைப் படுக்கையிலிருந்தே அச்சுக்கு ஆயத்தம் செய்தார். 1923 செப்டம்பர் 10-ஆம் நாள், 35-ஆம் வயதில் காலமானார். நூல் வெளிவந்தது 19-ஆம் நாள்.

இடையில் நின்றுபோன ‘சந்தேஷ்’ இதழை 1961-இல் நண்பரோடு சேர்ந்து மீண்டும் தொடங்கியவர், திரைப்பட மேதையாகிவிட்ட அந்த மகன்தான்.